பாட்டுக்குப் போட்ட பூட்டு

சிங்காநல்லூர் கம்ப்யூட்டர் சென்டரில் அன்று இருந்தவர்கள் நான்கே பேர். சென்டரை நடத்தும் தம்பிதுரை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகள் ரம்ஷா. அவளுடைய தோழி இனியா. நான்காவது, ரம்ஷா 'பெரியத்தா' என்று கூப்பிடும் அவளுடைய பெரியப்பாவான நான், பஷீர். வேறு யாராவது "நானும் பார்த்தேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அது 1999. மறுநாள் திங்கட்கிழமை பள்ளி ஆண்டு விழா. ரம்ஷாவும் தோழிகளும் ஆடப்போகும் பாட்டு ஒரு சிடியில் இருந்தது. மேடைக்குக் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் கொண்டுவருபவர் தம்பிதுரைதான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு பூட்டு உண்டு. திருட்டுக் காப்பியைத் தடுக்க அப்படி ஓர் ஏற்பாடு. சிடி வாங்கியவர் சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்து பெயரைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஓர் எண் தருவார்கள். பெயரையும் எண்ணையும் தட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்கும், பாட்டு திறக்கும். ரம்ஷா போன வாரமே போன் செய்து எண்ணை வாங்கிவிட்டாள்.

இப்போது பெயரைத் தட்டினாள். எண்ணைத் தட்டினாள்.

'இந்தப் பெயருக்கு லைசென்ஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது.

மறுபடியும் தட்டினாள். அதேதான்.

தம்பிதுரை சிரித்தார். "ஏன் அம்மணி, இது உக்கடத்துப் பிளாட்பாரத்துல வாங்குன திருட்டு சிடிதானே?"

"இல்லீங்கண்ணா! கடையில வாங்குனதுங்க."

"அட, அதுக்கென்ன! பூட்டை உடைக்கிற புரோகிராம் என்கிட்ட இருக்குது. ரெண்டே நிமிசத்துல உடைச்சுப்போட்டு..."

நான் எழுந்தேன். எங்கள் வீட்டு வாசற்படியைத் திருட்டுப் பொருள் எதுவும் தாண்டியதில்லை. என் கைத்தடியைத் தரையில் டொக்கென்று ஊன்றினேன்.

"பெரியத்தா, நீங்க உக்காருங்க" என்றாள் ரம்ஷா. "இது என் பேரு சம்பந்தப்பட்டது. நானே பேசிக்கறேன்."

உட்கார்ந்தேன்.

அவள் தம்பிதுரையைப் பார்த்தாள். "பூட்டை உடைச்சா நீங்க சொன்னது நிசமாயிருமுங்க. உடைக்க மாட்டேன்."

இனியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கம்பெனியும் இருக்காதுடி. நாளைக்கு எதை வெச்சு ஆடறது? உடைக்கட்டும் விடு."

"பாட்டு இல்லாம ஆடுனாலும் ஆடுவேன். திருடிங்கற பேரோட ஆட மாட்டேன்."

"வீம்புக்காரப் புள்ளையா இருக்குதே!" என்றார் தம்பிதுரை.

அப்போது போன் மணி அடித்தது. தம்பிதுரை எடுத்தார். "அலோ, தம்பிதுரைங்க!"

ரம்ஷா நிமிர்ந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, போன்ல உங்க பேரை எப்படிச் சொன்னீங்க?"

"தம்பிதுரைங்கன்னு. ஏன், அதுல என்ன குத்தம்?"

"நானும் அப்படித்தானுங்க சொன்னேன்! 'பேரு என்னம்மா'ன்னு அந்தச் சென்னை அக்கா கேட்டாங்க. 'ரம்ஷாங்க'ன்னேன். 'புதுசா இருக்கே, அழகான பேரு'ன்னாங்க. நானும் சந்தோசமாத் தேங்க்ஸ் சொன்னேன்."

இனியா அழுகையை நிறுத்தினாள். "அடியே, நம்ம 'ங்க'வையும் சேர்த்துப் பதிஞ்சுட்டாங்களா?"

ரம்ஷா ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் தட்டினாள். 'ரம்ஷா'வோடு நிற்காமல் 'ங்க'வையும் சேர்த்தாள். பிறகு எண்ணைத் தட்டினாள்.

திரையில் பெயரும் எண்ணும் கேட்ட பெட்டி மறைந்தது. ஸ்பீக்கரில் மேளம் டம்மென்று அதிர்ந்தது!

இனியா நாற்காலியைச் சுற்றிக் குதித்தாள். "இனிமே உன்னை ரம்ஷாங்கன்னுதான் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு, கூப்பிடு. மரியாதையா இருக்கும்."

ரம்ஷா மட்டும் இன்னும் குதிக்கவில்லை. மேளச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தம்பிதுரையின் முன் போய் நின்றாள்.

"அண்ணா, 'திருட்டு சிடி'ன்னு சொன்னீங்களே?"

தம்பிதுரை தலையைச் சொறிந்தார். "சொன்னது தப்புதானுங்க, அம்மணி."

அதற்குப் பிறகுதான் அவள் குதித்தாள்.

விழாவில் ஆட்டம் அமர்க்களம். ஆனால் ஊரில் ஒரு பேச்சு சுற்றுகிறது: பஷீர் பெரியவர் சென்னைக்குப் போன் போட்டு அதட்டியதால்தான் பாட்டு திறந்ததாம்.

நான் போனைத் தொடவே இல்லை.