வெட்டிய மூச்சு

வெட்டி எறிந்த மூச்சு மறுபடி கேட்டது.

மற்றவர்கள் வாசித்துப் பதிந்த கதைப் புத்தகங்களில், வாக்கியங்களுக்கு நடுவே வரும் மூச்சுகளை வெட்டி எடுப்பதுதான் அவன் பிழைப்பு. அதற்காகவே வீட்டின் பின்னறைச் சுவர்களில் பஞ்சு அட்டை ஒட்டி, கதவோரம் ரப்பர் பட்டை பதித்து, தெருச்சத்தம் துளியும் நுழையாதபடி செய்திருந்தான். சன்னலின் தடித்த கண்ணாடி வழியே பிற்பகல் வெயில் மேசையில் விழுந்து, சூடேறிய தூசியின் வாசனையைக் கிளப்பியது. அவன் வாயிலோ கடுங்காப்பியின் கசப்பும், அதற்கடியில் கரையாமல் கிடந்த விஸ்கியின் புளிப்பும்.

ஹெட்போனில் மறுபடி மூச்சு. வாசித்த பெண்ணின் மூச்சைத்தான் சற்றுமுன் நீக்கினான். இது கனமாக இருந்தது. ஈரமாக. எதையோ இழுத்துக்கொண்டு மேலே ஏறுவதுபோல்.

மதியம் நண்பன் 'கரகரப்பு' விஸ்கிப் புட்டியோடு வந்திருந்தான். குரலை வைத்து வந்த பட்டப்பெயர் அது.

"வேணாம்டா. தூக்க மாத்திரை போடுறேன். ஒரு சொட்டு கூடாதுன்னு மருந்துக்கடை அக்கா சொல்லியிருக்காங்க."

"எப்ப போட்ட?"

"நேத்து ராத்திரி."

"தூங்கி எழுந்துட்டல்ல? அது வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயாச்சு. கிளாஸை எடு."

சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். நண்பன் போனதும் பச்சைத் தண்ணீரில் குளித்தான், காப்பி போட்டுக் குடித்தான். தலை தெளிந்த மாதிரி இருந்தது. நெஞ்சு மட்டும் படபடத்தது. குடிதான் குளியலோடு போய்விட்டதே, படபடப்பு அடங்கட்டும் என்று இன்னொரு தூக்க மாத்திரையும் விழுங்கினான்.

அக்கா சொன்ன மிச்சம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "காப்பி குடிச்சா முழிப்பு வரும் தம்பி, ஆனா ஏறினது இறங்காது. கல்லீரல் அதோட வேகத்துலதான் கரைக்கும். மாத்திரையும் மறுநாள்வரை ரத்தத்துல நிக்கும். ரெண்டும் சேர்ந்தா மூச்சையே அமுக்கிடும்."

வெட்ட வேண்டும். விரலை நகர்த்தினான்.

விரல் நகரவில்லை. மேசைமேல் கிடந்தது. கன்னமும் மேசைமேல்தான் இருந்தது. எப்போது சாய்ந்தான்? பாதி மூடிய இமைக்கு அருகே, திருத்தக் குறிப்புகளைப் பேசிப் பதியும் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அது அவன் மூச்சு.

திரையில் அந்த மூச்சின் பச்சைக் கோடு. ஒரு மேடு. பிறகு சமவெளி. நீண்ட சமவெளி. மேடு. இவ்வளவு நீளமான இடைவெளி வந்தால், வழக்கமாக அவன் சுருக்கிவிடுவான்.

முதுகுக்குப் பின்னால் கதவின் ரப்பர் பிரியும் சத்தம். மனைவி. கூடவே அவள் தங்கை. வந்துவிட்டார்கள்.

"அத்தான் குறட்டையப் பாரேன். லாரி மேடேறுற மாதிரி!"

"மெதுவா பேசுடி. எத்தனை நாளா தூக்கமில்லாம கிடந்த மனுஷன். இப்பத்தான் கண்ணசந்திருக்கார்."

"வாடை வருதேக்கா?"

"வரும். கரகரப்பு வந்துட்டுப் போயிருப்பான். எழுந்திரிக்கட்டும், இருக்கு இவருக்கு."

இப்பவே திட்டு. உலுக்கு. அடி. நாக்கு அசையவில்லை. ஒரு விரல் போதும். காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டால் போதும். கோப்பை விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் யாருடையதோபோல் கிடந்தது.

அவள் கை தோளில் பட்டது. சூடான கை. நாற்காலியில் கிடந்த போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்தியது.

"ஹெட்போனைக் கழட்டுக்கா, காது வலிக்கும்."

"வேணாம், முழிச்சுக்குவார்."

காலடிகள் ஹெட்போனுக்குள் தேய்ந்தன. கதவு. ரப்பர் மெல்ல அழுந்தியது.

பச்சைக் கோட்டில் சின்னதாக ஒரு மேடு.

சமவெளி.

அடுத்த மேட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். கோடு நகர்ந்தது. திரையின் விளிம்புவரை போனது. திரை தானாக வெற்றிடமாகி, இடது ஓரத்திலிருந்து மறுபடி, நேராக, நகரத் தொடங்கியது.