அடியில் படிந்த வெள்ளி

கமலாத்தாளின் மாடு செத்த மறுநாள், கல்லூரியில் ஆய்வு செய்யும் மாணவி மௌனிகா பூபதிராஜாவைத் தேடி எருத்தேன்பதிக்கு வந்தாள். மருந்துத் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கு அன்று முதுகுவலி. யாரையும் பார்க்கிற மனநிலையில் இல்லை. மருந்துக்கடை நடத்தும் ஷஹ்லாதான், "பாவம் சார், கேட்டுத்தான் பாருங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நொச்சியிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளியை நுண்துகளாக்கி, மாட்டின் மடிநோய்க்கு மருந்து செய்திருந்தாள் மௌனிகா. மூன்று மாடுகள் குணமாகின. நான்காவது கமலாத்தாளுடையது.

"என் மருந்துதான் கொன்னுதுன்னு ஊரே பேசுதுங்க. எங்க தப்புன்னே தெரியலைங்க."

ஷஹ்லாவும் உடன் வர, மௌனிகாவின் கல்லூரி ஆய்வகத்துக்குப் போன பூபதிராஜா மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். தேநீர் நிறத்தில் இருக்கவேண்டிய திரவம் வெளுத்து, அடியில் கறுப்பாக வண்டல் படிந்திருந்தது. அருகே இரண்டு சோதனைத் தட்டுகள். ஆய்வகக் கிருமி வளர்த்த தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமி அழிந்து அகலமான வட்டம். கமலாத்தாளின் மாட்டுப்பாலில் எடுத்த கிருமியோ எதற்கும் அசையாமல் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது.

மௌனிகாவுடன் ஆய்வு செய்யும் பிரதீப் வந்தான். மாடு செத்ததைச் சொன்னதும், "நம்ம மருந்துக்கு முன்னாடியே ஊசி போட்டிருந்தாங்களா?" என்றான்.

"போட்டாங்க. எங்க கடை மருந்துதான். நோய் அடங்கலை" என்றாள் ஷஹ்லா.

பூபதிராஜா அலுப்போடு உட்கார்ந்தார்.

"வெள்ளி கட்டிதட்டி அடியில கிடக்குதுங்க. அதுக்கு வீரியம் போச்சு. அப்புறம் இந்த வட்டம் எப்படி விழுந்துது? ஊசிக்கு அடங்காத கிருமி இந்தப் புட்டிக்கும் அடங்கலை. அப்ப, ரெண்டுலயும் இருக்கிறது ஒரே மருந்து."

"யாரோ கலந்துட்டாங்க! யார் சார்?" ஷஹ்லா துடித்தாள்.

"மாடு செத்துதுன்னா எப்படின்னு கேப்பாங்க. தம்பி ஊசியைக் கேட்டுச்சு. புட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்."

பிரதீப் சுவரில் சாய்ந்தான். "இந்த வருசமும் ஆய்வு தோத்தா ஊட்டுல படிப்பை நிறுத்திருவாங்கன்னு அழுதாளுங்க. ஒரு தடவை ஜெயிக்கட்டும்னு ஊசி மருந்தைக் கலந்தேன். மாட்டுக்குக் குடுப்பாள்னு நெனைக்கலைங்க."

போலி மருந்துக்காரர்கள் எத்தனையோ பேரைப் பிடித்தவர் பூபதிராஜா. இன்று பிடித்ததில் அவருக்குத் துளியும் திருப்தியில்லை.

"வட்டம் விழுந்ததும் நான் நெறத்தைப் பாக்கவே இல்லைங்க" என்றாள் மௌனிகா. குரல் உடையவில்லை. "அந்த மூணு மாடும் என் மருந்தால பொழைக்கலை. அப்படித்தானுங்களே?"

"ஆமாம்மா."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரதீப்பைப் பார்த்தாள்.

"கமலாத்தாக்கா ஊட்டுக்குப் போகணும். நீயும் வா. ஆனா, சொல்றது நான்தான்."