ஒரு இழு, இன்னொரு இழு

மூன்று வாரமாக யாரும் தொடாத ஏழாம் எண் உயிர்காப்பு ஜாக்கெட்டின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. நொரீன் உள்ளங்கையை முகர்ந்தாள். உப்பு. அதோடு யூக்கலிப்டஸ் தைலம். அவளோடு கயாக் வழிகாட்டியாக இருந்த விக், வலிக்கும் தோளில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

விக்கின் கயாக் படகு கவிழ்ந்த அன்று இந்த ஜாக்கெட் மட்டும் கரைக்கு வந்தது, பக்கிள்கள் பூட்டியபடியே. ‘வாரை இறுக்காமல் போனதால்’ என்று விபத்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, முதலாளி கோலின் அதை அலசி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார்.

“வேற ஜாக்கெட் இல்லையா?”

“எல்லாம் காலையில வந்த கும்பலோட போயிருச்சு. ஒரு கயாக் அவுந்து முனைப்பக்கம் மிதக்குது. பனி மூடுறதுக்குள்ள இழுத்துட்டு வா.”

“தனியாப் போகக்கூடாதுன்னு நீங்கதான சுவத்துல எழுதி வெச்சிருக்கீங்க?”

“அது காசு குடுத்து வர்றவங்களுக்கும்மா.”

அதையே மாட்டி, வாரை மூன்று முறை இறுக்கினாள். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று வழிகாட்டிகள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார்கள். மெல்ல ஒரு இழு, பலமாக இன்னொரு இழு. ஜாக்கெட் காதுவரை ஏறினால் ஆள் தண்ணீரில் நழுவிவிடுவான். கூட வேலை செய்கிறவனுக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அன்று அவள் கை நீட்டியபோது, “என்னடி, என்னையும் டூரிஸ்ட்டு ஆக்கிட்டியா?” என்று விக் சிரித்தான். அவளும் கையை இழுத்துக்கொண்டாள்.

முனையில் காலிக் கயாக் கிடைத்தது. அதன் மூக்கில் இழுகயிற்றின் கொக்கியை மாட்டினாள். கயிற்றின் மறுமுனை அவள் இடுப்புப் பெல்ட்டில்; ஆபத்தென்றால் பெல்ட்டின் சிவப்பு உருண்டையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் கழன்று போகும். திரும்பும் வழியில் மூடுபனி இறங்கியது. கரையும் பாறையும் போய், கடற்பாசியின் அழுகல் வாடையும் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரும் இடுப்பை வெட்டும் கயிற்றின் கனமும் மட்டுமே மிஞ்சின.

பிறகு அந்தக் கனம் குறைந்தது.

கயிறு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. காலிப் படகை இழுக்கும்போது கயிறு தொய்யாது. பின்னால் வருவது தானாக வந்தாலொழிய.

துடுப்பை நிறுத்தினாள். துடுப்புச் சத்தம் நிற்கவில்லை.

சளக். சளக்.

தைல வாடை.

“விக், நான் பாத்திருக்கணும்...”

சிவப்பு உருண்டையை இழுத்தாள். பெல்ட் கழன்று கயிறு மூழ்கியது. சத்தம் நெருங்கியது. ஒரு கயாக்கின் மூக்கு அவள் படகை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை.

இரண்டு குளிர்ந்த கைகள் தோள்பட்டைகளைப் பிடித்தன. மெல்ல ஒரு இழு.

தேய்ந்த பக்கிளுக்குள் வார் வழுக்கும் சத்தம் கேட்டது. மூன்று முறை இறுக்கிய வார். அன்று விக்கும் இறுக்கியிருப்பான்.

ஜாக்கெட் அவள் காதுவரை ஏறியது.

கைகள் விலகவில்லை. பிடி இறுகியது.

பலமாக இழுக்க.