வீடு பூட்டியிருந்தது

நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான். அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே என் முட்டி முனகும். அதனால் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுவேன். மூன்றாவது மாடி காலி; நாலாவது மாடியில் ஒரே வீடுதான். அதற்கு மட்டும் கையிலிருக்கும் மெஷினில் 'வீடு பூட்டியிருந்தது' என்று அழுத்திவிட்டு இறங்கிவிடுவேன். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் செய்வதுதான் இது.

அன்று ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. மேல்வீட்டு டீச்சரம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இணைப்பைத் துண்டிக்கக் கடைசி ரீடிங் வேண்டும் என்று வெளியூரிலிருந்து மகன் வந்திருந்தான்.

காலை பதினொரு மணி. கதவு திறந்திருந்தது. உள்ளே பினாயில் நெடி, அதற்கும் அடியில் காயாத ஈரத்தின் வாசனை.

"வாங்கண்ணே. உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றான் மகன். "எட்டாம் தேதி வந்து, வீடு பூட்டியிருந்துச்சுன்னு பதிஞ்சிருக்கீங்க. கதவைத் தட்டினீங்களா?"

"மூணு தடவை தட்டினேன் தம்பி. சத்தமே இல்லை."

கூசாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம்தான்.

அவன் முகம் தளர்ந்தது. "அப்ப அம்மா அன்னைக்கே போயிட்டாங்க. பாத்ரூம்ல விழுந்தவங்களைப் பத்தாம் தேதிதான் கதவை உடைச்சுப் பாத்தாங்க. ரெண்டு நாள் உயிரோட கெடந்தாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்லை. நீங்க சொன்னப்புறம்தான் மூச்சு வருது."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாமான் ஏற்றும் வண்டி வந்துவிட்டதென்று கீழே இறங்கிப் போனான்.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் மீட்டர். குனிந்து அதன் கண்ணாடியைத் துடைத்தேன். முதுகுக்குப் பின்னால் வாசற்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். இடது காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை.

என் நடை.

முதல் மாடி. இரண்டாவது மாடி. அங்கே நின்றது.

"மீட்டர்!" என்று ஒரு குரல் கூப்பிட்டது. என் குரலேதான்.

"மேல போகலையா?" இரண்டாவது மாடி அம்மாள் கேட்டார்.

"மேல பூட்டியிருக்கும்மா."

மெஷின் 'பீப்' என்றது.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இடுப்புக்குக் கீழே காலே இல்லாததுபோல் சரிந்து விழுந்தேன். கன்னத்தில் ஈரத் தரை. விரல் முட்டியால் தரையைத் தட்டுவது ஒன்றுதான் முடிந்தது. தட்டினேன். விடாமல் தட்டினேன். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டது.

எட்டாம் தேதி டீச்சரம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கதவு சாதாரணமாகத் திறந்தது. "என்னண்ணே, தரையில? மயக்கமா?" மகன் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். முதுகைத் தடவிவிட்டான். கால்களில் உணர்வு திரும்பியிருந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். ஆனால் பெற்ற தகப்பனைப் பார்ப்பதுபோல் அவன் என்னைப் பார்த்தான். அதைத் தாங்க முடியவில்லை.

"தம்பி, நான் தட்டலை. மேல ஏறவே இல்லை. பொய் சொல்லிட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப... அன்னைக்கு அம்மா உயிரோட இருந்தாங்களா?"



சாத்தியிருந்த பாத்ரூம் கதவுக்குப் பின்னால், தரையை ஒட்டி, யாரோ தட்டினார்கள்.

மகன் என் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா?" என்றான்.

மறுபடியும் தட்டினார்கள்.