எழும்பாத பறவைகள்

ஏன் ஒன்றுகூட எழும்பவில்லை?

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே சேற்றுவெளியில் உள்ளான் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆள் நிழல் தெரிந்தாலே கூட்டம் முழுக்க விசிறிபோல் விரிந்து எழும்பிவிடும். இந்தத் தீவில் பறவை கணக்கெடுக்கும் வேலையில் இத்தனை வருடமும் அவளும் கணவனும் குனிந்து, தவழ்ந்து, மூச்சடக்கித்தான் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். இன்றோ அவர் நட்டநடுவே கைவீசி நடந்து போகிறார். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மரக்கட்டையைச் சுற்றிப் போவதுபோல் அவர் காலைச் சுற்றிப் போயின.

போன வாரம்தான், மழைக்காலத்தின் முதல் புயலில், அவருடைய தோணி கவிழ்ந்தது. தேடப் போனவர்கள் கைவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் விடியலில் சேற்றில் ஊறிய உடம்போடு அவரே வாசலில் வந்து நின்றார். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். வேறென்ன செய்வாள்?

பனிக்காலத்தில் கடல்காகங்கள் அவர் தோளில் உட்கார ஆரம்பித்தன.

"சாருக்கு என்னக்கா வசியம்?" சாமான் இறக்க வந்த படகுக்காரன் சிரித்தான். "என்னைக் கண்டா காத தூரம் ஓடுதுங்க. அவர் தலைமேல குடித்தனமே நடத்துதுங்க. வாடகை ஏதாச்சும் வாங்குறாரா?"

அவளும் சிரித்துவைத்தாள்.

"நீங்கதான் ரொம்ப வாடிட்டீங்க. அக்கரைக்கு வாங்களேன், உங்க தங்கச்சி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரலாம்."

"அவரைத் தனியா விட்டுட்டா? அடுத்த தடவை பாக்கலாம்பா."

ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. எத்தனை அலசினாலும் அவர் துணியிலிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது. தலையணையில், போர்வையில், அவளுடைய சொந்தக் கூந்தலில்கூட வற்றிய கடலின் வாடை அடித்தது. பக்கத்தில் படுத்திருப்பவரின் போர்வைக்குள்ளிருந்து, ஈரமண்ணில் குமிழி உடைவதுபோல் பொளக் என்று ஒரு சத்தம், அவள் கண்ணயரும்போதெல்லாம் கேட்டது. சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றுவதில்லை. கேட்டால், "குளிருது" என்பார். கேட்பதை விட்டுவிட்டாள். பிழைத்து வந்தவரிடம் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெயில்காலம் வந்தது. வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. சேற்றுவெளியின் மேடுகள் காய்ந்து வெடித்து, புழுக்கள் அருகிப்போன பிறகும் அங்கேயே இருந்தன. பறக்கச் சோம்பும் அளவுக்குக் கொழுத்திருந்தன. எதைத் தின்று?

அவர் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தார்.

அன்று சாயங்காலம் கடல்நீர் வடிந்ததும் அவர் வெளியே போனார். அவள் பைனாகுலரோடு வாசற்படியில் நின்றாள். அவர் தூரமெல்லாம் போகவில்லை. கூப்பிடு தூரத்தில் நின்றார். குனிந்து காலுறைகளைக் கழற்றினார். ஒழுங்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

பறவைகள் வந்தன. பறந்து அல்ல, நடந்து. தீனி நேரம் தெரிந்த கோழிகளைப்போல.

வளைந்த நீண்ட அலகுள்ள ஒன்று அவர் கெண்டைக்காலருகே தலையைச் சாய்த்தது. சேற்றில் இறக்குவதுபோலவே அலகை இறக்கியது. அடிவரை.

இரத்தம் இல்லை. கறுப்பாக ஏதோ கசிந்தது.

நெளியும் ஒன்றை இழுத்தது. விழுங்கியது.

இன்னொன்று வந்தது. இன்னொன்று.

கால் முழுக்கத் துளைகள்.

பொளக். பொளக்.

அவள் பைனாகுலரை இறக்கினாள். அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வலி இல்லை. நாள் முழுக்க உழைத்தவரின் அசதிதான் இருந்தது. அந்த அசதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் பயங்கரமாக இருந்தது.

"கால் கடுக்குதும்மா," என்றார். "நீ வந்து கொஞ்ச நேரம் நில்லேன்."

அவர் கேட்டு அவள் மறுத்ததில்லை. மனசு முந்துமுன் கால் முந்திவிடும். இப்போதும் ஒன்று படியிறங்கிவிட்டது. வெறும் பாதத்தில் ஈரமண் சில்லென்றது.

பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேய்வதை நிறுத்தின. அலகு நுனியில் கறுப்பு சொட்ட, அவள் காலையே பார்த்தன.

அவள் காலை மெல்லப் படிமேல் இழுத்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். "நான் வரலை."