பன்னிரண்டாவது புழு

கட்டிலின் ஓரமாக, போர்வை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில் ஏழு கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஜெசிக்கா முதலில் மிளகு என்றுதான் நினைத்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்தி, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தபோது, அதன் நீளவாக்கில் ஆறு வரிகள் ஓடியிருப்பது தெரிந்தது. சின்னஞ்சிறு பீப்பாவைப் போல. மிளகில் அப்படி வரி இருக்காது. பருந்து அந்துப்பூச்சியின் புழு போடும் எச்சத்தில்தான் இருக்கும்.

ஆனால் புழுக்கள் எல்லாம் கட்டிலருகே மேசைமேல் போத்தல்களில் இருந்தன. வாய்களில் வலைத்துணி. துணியைச் சுற்றி இறுக்கமாக ரப்பர் வளையம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

மாம்புரியிலிருந்து பின்னேர பஸ் பிடித்துக் கற்பிட்டிக்குப் போய் அவள் படிக்கும் வகுப்பு, சுற்றுலா வழிகாட்டிகளுக்கானது. ஆளுக்கொரு உயிரினத்தை வீட்டுத் தோட்டத்தில் தெரிந்தெடுத்து நாள்தோறும் குறிப்பு எழுதவேண்டும். அவள் எடுத்தது நந்தியாவட்டைப் புழு. பச்சை உடம்பு, வாலில் ஒரு சிறு கொம்பு, தலைக்குப் பின்னால் கறுப்பு வட்டத்துக்குள் நீலமாக இரண்டு கண்கள். அவை கண்களல்ல, வெறும் தோல், குருவியை வெருட்டுவதற்கு.

"இலையில தேடாதீங்க," என்று வகுப்பு எடுக்கும் நூஹு சேர் முதல் நாளே சொல்லியிருந்தார். "இலையும் பச்சை, புழுவும் பச்சை, நீங்க தேடித் தேடிப் பைத்தியமாகிடுவீங்க. நிலத்தப் பாருங்க. எச்சம் கிடந்தா அப்பிடியே நேர மேல பாருங்க. ஆள் அங்கதான்."

ஜெசிக்கா நிமிர்ந்து மேலே பார்த்தாள். நேர் மேலே கட்டில். கட்டிலில் அம்மா.

குறிப்புக் கொப்பியில் அவள் எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவாள். மூன்று தரம் எண்ணிய பிறகே அதன்மேல் பேனை ஓடும். அப்படியிருந்தும் பாதி வரிகளின் முடிவில் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை செடியிலிருந்து எடுத்தவை பன்னிரண்டு என்று பென்சிலால் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை போத்தல்களில் பதினொன்றுதான் இருந்தன. முதல்நாள் தான்தான் பிழையாக எண்ணியிருக்கவேண்டும் என்று முடிவெடுத்து, பன்னிரண்டை அழிரப்பரால் அழித்துவிட்டுப் பதினொன்று என்று பேனையால் எழுதினாள். அழித்த தூளை ஊதித் தள்ளினாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. உருண்டைகளைக் கூட்டி அள்ளினாள். குறிப்பில் எழுதினாள்: 'எலி?'

அம்மா கத்தரினா பாரிசவாதம் வந்து விழுந்து ஏழு மாதம். கை கால் அசைவு இல்லை, பேச்சு இல்லை. இமை மட்டும் மிஞ்சியிருந்தது. ஒருதரம் மூடினால் ஓம். இருதரம் மூடினால் இல்லை. அப்பா யாகப்பு பலநாள் மீன்பிடிப் படகில் போனால் மாதமொருதரம்தான் கரை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து குளிப்பாட்டி, முதுகைத் திருப்பிப் போடுகிற பக்கத்து வீட்டு அலீமா, மகளின் பிரசவத்துக்கென்று திங்கள் காலை புத்தளத்துக்குப் போய்விட்டாள். அந்த வேலையை ஜெசிக்கா செய்யவேண்டும். நாளைக்கு, என்று நினைத்துக்கொண்டாள்.

போத்தல்களை அம்மாவின் தலைமாட்டில் வைத்ததற்குக் காரணமும் கொப்பியில் இருந்தது. 'இந்த அறை குளிர்ச்சி.' பேனையால் எழுதியது. கேள்விக்குறி இல்லை.

எழுதாத காரணம் வேறு. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, மாதா கெபிக்குப் பூ வைக்க நட்ட நந்தியாவட்டையைப் புழு தின்கிறது என்று, பால்மா டின்னில் உப்புத் தண்ணீர் நிரப்பி அவள் கையில் கொடுத்தவள் அம்மா. "கையால பிடிச்சுப் போடு. அடங்குமட்டும் பாத்துக்கொண்டு நில்லு." அவள் அழுதாள். "அழு, அழு. அழுதா புழு சாகுமா?" அம்மா மட்டும் பத்தடி தள்ளி, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குப் புழு என்றால் குலை நடுங்கும் என்பது ஜெசிக்காவுக்குப் புரியப் பல வருடம் எடுத்தது.

ஞாயிறு மாலை முதல் போத்தலை மேசையில் வைத்தபோது கேட்டாள். "பயமா இருக்கா அம்மா?"

இமை ஒருதரம் மூடித் திறந்தது.

அவள் போத்தலை ஒரு சாண் கிட்டத் தள்ளி வைத்தாள்.

செவ்வாய் காலையிலிருந்து அம்மா இமைக்கவில்லை. கோபம் என்று ஜெசிக்கா எடுத்துக்கொண்டாள். நடமாடிய காலத்திலும் அம்மாவின் தண்டனை அதுதான், நாட்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது. சரி, இருக்கட்டும், எனக்கும் இருக்கத் தெரியும். யன்னலைக்கூடத் திறக்காமல், மங்கலிலேயே, கரண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு கஞ்சி ஊட்டினாள். வாதம் கோணலாக்கிய அந்த வாய் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் அசைந்து அசைந்து மென்றது. பசி கூடியிருந்தது. போர்வைக்குள் உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது. அறையில் மூத்திர நெடி அடிக்கவேண்டிய இடத்தில், அப்போதுதான் கசக்கிய பச்சை இலையின் வாசம் வந்தது.

புதன்கிழமை தரையில் கிடந்தவை கடலை அளவு. அன்று மாலை அலீமா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்ன புள்ள, அம்மா எப்பிடி ஈக்கிறா?"

"இருக்கிறா மாமி. நல்லாச் சாப்பிடுறா."

"பொரட்டிப் போட்டியா? முதுகு புண்ணாகிடும், சொல்லிட்டேன்."

"ஓம், போட்டன்."

"பொய் சொல்ற குரல் எனக்குத் தெரியும், கள்ளி. போய்ப் போர்வையத் தூக்கிப் பாரு."

அவள் அறை வாசல் வரை போனாள். உள்ளே ஒரு மெல்லிய சத்தம், காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவதுபோல, விட்டு விட்டு, ஆனால் ஒரே சீராக. போத்தல்களில் புழுக்கள் இலை தின்னும் சத்தம் என்று நினைத்தாள். பிறகுதான் இரண்டு நாளாகத் தான் அவற்றுக்கு இலை மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சத்தம் நின்றது. போர்வை, கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை, காற்றில்லாமல் ஒருமுறை அலைபோல ஏறி அடங்கியது. மூச்சாக இருக்கலாம். அவள் கதவைச் சாத்தினாள்.

வியாழன் காலை அம்மா கஞ்சியைத் தொடவில்லை. உதடு ஒட்டிப்போயிருந்தது. முகம் கறுத்திருந்தது. தரையில் ஒன்றே ஒன்று. கொட்டைப்பாக்கு அளவு. அதைக் கடதாசியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோனாள்.

"கேள்விக்குறி இண்டைக்குப் பார்சலோட வந்திருக்கு," என்றான் பின்வாங்கில் இருந்த கிளைட்டன். எல்லோரும் சிரித்தார்கள். நூஹு சேரும் சிரித்துக்கொண்டேதான் அதை வாங்கினார். எந்த இலை தின்றது என்று பார்க்க, எச்சத்தை விரலால் உடைப்பது அவர் வழக்கம். உடைத்தார். சிரிப்பு நின்றது.

உள்ளே இலை நார் இல்லை. செம்பழுப்பாக ஏதோ. அதற்குள் சுருண்டு சுருண்டு ஒரு நீள மயிர். நரைத்தது.

"இது எங்க எடுத்த?"

அம்மாட கட்டிலுக்குக் கீழ, என்று சொல்ல வாயெடுத்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த மயிர் ஒட்டியிருக்கலாம். இருக்கலாம்தானே. "முத்தத்துச் செடிக்குக் கீழ, சேர்," என்றாள்.

"இந்தளவுக்குப் போடுற புழு இந்த ஊர்ல மட்டுமில்ல, எங்கயும் இல்ல." அவர் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். "புழுவெண்டே வெச்சுக்கொள்ளுவம். இப்பிடிப் பெரிசாப் போட்டா தீனி முடியப்போகுது எண்டு அர்த்தம். இனித் தின்னாது. நிறம் கறுக்கும். பிறகு மண்ணத் தேடி இறங்கும்."

கஞ்சியைத் தொடாத வாய். கறுத்த முகம்.

வகுப்பு முடியும்வரை அவள் இருக்கவில்லை. பஸ்ஸில் கொப்பியைத் திறந்தாள். பதினொன்று என்ற எண்ணின் அடியில், தாளைச் சாய்த்துப் பிடித்தால், அழித்த பன்னிரண்டின் பள்ளம் இன்னும் தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது கோவிலில் அந்தி மணி அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்து நந்தியாவட்டையில் ஒரு பூச்சியும் இல்லை. அம்மாவின் அறை யன்னலில்தான் இருந்தன. பச்சையும் ரோசாவும் கலந்த பெரிய அந்துப்பூச்சிகள், குருவி அளவு, ஒன்றல்ல, பத்து இருபது, சிறகடித்துச் சிறகடித்துக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. உள்ளே போகத் துடிப்பவைபோல.

விளக்கு எரியவில்லை. மின்சாரம் இல்லை. டோர்ச்சை எடுத்தாள். இலை வாசம் தொண்டையை அடைத்தது.

கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். நான்கு நாளாகக் கேட்காததை இப்போது கேட்டாள்.

"அம்மா. நான் பிழை செஞ்சிட்டன். கோபிக்காதீங்க. நான் கதைக்கிறது கேக்குதா?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள். மறுபடி அறுபது. கண்கள் திறந்தே இருந்தன. டோர்ச்சை நேராகப் பிடித்தாள். சுருங்கவில்லை. கருவட்டத்துக்குள் நீலம். வயது போனால் கண்ணில் நீலம் படரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சொன்னார்தானே?

விரலை நீட்டினாள். கண்ணைத் தொட்டாள்.

ஈரமில்லை. உருளவில்லை.

தோல். குளிர்ந்த, வழுவழுத்த தோல்.

மற்றக் கண்ணும் தோல்.

போர்வை அசைந்தது. கால்மாட்டிலிருந்து. அலையாக. கால்மாட்டில் ஏதோ துணியைக் குத்திக்கொண்டு மேலெழுந்தது. கூர்மையாக. கொம்புபோல. ஏழு மாதமாகத் தலையணையை விட்டு எழும்பாத அந்தத் தலை மெல்ல எழுந்தது. கழுத்தை வளைத்து, நிமிர்ந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அசையவில்லை. நீலக் கண்கள் இரண்டும் அவளைப் பார்த்தன. பார்க்கவில்லை. அவற்றுக்குக் கீழே, கறுத்த தோலுக்குள், நிஜவாய் பக்கவாட்டில் திறந்து மூடியது.

பிறகு அது அவளை விட்டுத் திரும்பியது. கட்டிலின் விளிம்பில் வழிந்து, தரைக்கு இறங்கியது. கனமாக. கதவுப் பக்கம். மண்ணைத் தேடி.

போர்வையும் அதோடு இழுபட்டுப் போனது.

மெத்தையில் அம்மா இருந்தாள். புழு தின்று முடித்த இலையில் நடு நரம்பு மிஞ்சுமே, அவ்வளவு. அதன் நுனியில், இவ்வளவு நாளும் புழுவின் உடம்புக்கு அடியில் அமுங்கிக் கிடந்த முகம் முழுதாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. பழுப்புக் கண்கள். ஈரமான கண்கள். டோர்ச் வெளிச்சம் பட்டதும் அவை சுருங்கின.

இமை ஒருதரம் மூடித் திறந்தது.

கேட்ட கேள்விக்குப் பதில்.

மறுபடி மூடித் திறந்தது. நிறுத்தவில்லை. ஒருதரம். ஒருதரம். ஒருதரம்.