நான்காவது கட்டில்

மூன்று பெண்களும் வந்து இறங்கியபோது பிற்பகல் மூன்று மணிதான். ஆனாலும் காரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கம்போங் ராஜா ஊர்ப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி தேயிலைச் சரிவை விழுங்கிவிட்டு வீட்டு வேலிவரை வந்து நின்றது.

சிவசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஆள் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருந்தவர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட அந்த நிமிர்வு, ஓய்வு பெற்றுச் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் முதுகை விட்டுப் போகவில்லை.

"பேரு?"

"நான் ரூபினி, அங்கிள். இவ பூவிழி, அவ சுபத்ரா. யூனிவர்சிட்டில விவசாயம் படிக்கிறோம். திரிங்காப் காய்கறித் தோட்டத்துல ஆறு மாசம் பிராக்டிக்கல்."

"அப்பாமார்லாம் என்ன வேலை?"

ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவர் தலையசைத்தார். குடும்பம் தெரியாமல் அவர் யாருக்கும் படியேற இடம் கொடுத்ததில்லை.

வீடு தேடி மூன்று வாரம் அலைந்த கதையைப் பூவிழி சாமான்களை இறக்கிக்கொண்டே சொன்னாள். ஓரிடத்தில் சுவர் முழுக்கப் பூஞ்சணம். இன்னோரிடத்தில் பதினோரு பேருக்கு ஒரே கக்கூஸ். போனில் இனிமையாகப் பேசிய ஒருவர், தமிழ்ப் பெயரைக் கேட்டதும் ரூம் போய்விட்டது என்று வைத்துவிட்டார்.

"மறுநாளும் அந்த விளம்பரம் அப்படியே இருக்கு அங்கிள். நாங்க போன்ல பேரு சொன்னதுதான் தப்புலா."

சிவசாமி சிரிக்கவில்லை. தம் சட்டங்களைச் சொன்னார். எட்டு மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும். ஆண்பிள்ளை எவனும் வேலியைத் தாண்டக்கூடாது. இந்த வீட்டுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

மாடியறையில் நான்கு கட்டில்கள் கிடந்தன.

"நாலாவது யாருக்கு அங்கிள்?" என்றாள் சுபத்ரா.

"யாருக்கும் இல்ல."

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி சரோஜா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். படிக்கிற பிள்ளைகளுக்கு மாடியை வாடகைக்கு விடலாம் என்று சொன்னவளே அவள்தான். ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் தானாகக் கேட்ட ஒரே காரியம் அது.

இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பெண்கள் காலையில் போய், பூட்ஸில் சேற்றுடன் சாயங்காலம் திரும்பினார்கள். பிறகு ஒருநாள் சரோஜா மாடிக்கு நான்கு தட்டு எடுத்துப் போவதை அவர் பார்த்தார்.

"மூணு பேருக்கு எதுக்கு நாலு?"

அவள் தட்டுகளோடு படியேறினாள்.

மறுநாள் ரூபினி அவரிடம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? அந்த அக்காவையும் இங்க தங்க விடுங்களேன். பாவமா இருக்கு."

"எந்த அக்கா?"

"மாடிப்படியில வந்து நிப்பாங்களே, அவங்கதான். ரூம் தேடுறாங்களாம். கட்டில் சும்மாதானே கெடக்கு, வாங்கன்னு சொன்னோம். வீட்டுக்காரரு வாயால சொன்னாத்தான் வருவேன்னுட்டாங்க."

"எப்படி இருந்தா?"

"ஒல்லியா. காய்ச்சல் போல, நடுங்கிக்கிட்டே இருக்காங்க. கையில ஒரு கிளாஸ் வச்சிருந்தாங்க, பச்சையா. பப்பாளி இலைச் சாறாம். டெங்கிக்கு நல்லதுன்னாங்க."

அவள் போன பிறகு சிவசாமி படியருகே சென்றார். ஈரப் பலகையின் வாடைதான் வழக்கமாக இருக்கும். அன்று அதற்கு மேலே வேறொன்று இருந்தது. நசுக்கிய பச்சிலையின் கசப்பு.

இந்தக் குளிர் மலையில், அந்த வீட்டைச் சுற்றி எங்கும் ஒரு பப்பாளி மரம் கிடையாது.

அவருக்கு ஒரே மகள். கங்கா. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். அவள் பஸ் ஏறிய அன்று அவர் லயத்துக்கே பாயசம் கொடுத்தார். இரண்டாம் வருடம் ஹாஸ்டலில் இடமில்லை என்றார்கள். அவள் ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் பலர் பங்குபோட்டு இருக்கும் ஒரு வீட்டில் அறை பிடித்தாள். சொல்லாமல் பார்க்கப் போனவர், வீட்டு வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஆண்களின் சப்பாத்துகளைக் கண்டார்.

"கீழ ரூம்ல ரெண்டு பசங்க இருக்காங்கப்பா. நாங்க மேல நாலு பொண்ணுங்க. இதுதான்பா கெடைச்சது. வேற எங்கயுமே கெடைக்கலப்பா."

அவர் வாசலோடு திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நின்று தலை முழுகினார். அதோடு விட்டிருந்தால் நாலு பேர் கோபக்கார அப்பன் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். அவர் விடவில்லை. அவள் படத்துக்கு மாலை போட்டார். பதினாறாம் நாள் கருமாதி செய்து லயத்துக்கே சோறு போட்டார். அன்று கங்கா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மாதம் கழித்து போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. டெங்கிக் காய்ச்சல். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகியிருக்கிறது. தலைமாட்டில் பாதி குடித்த இலைச்சாறு இருந்ததாம்.

"என் மக போன வருஷமே செத்துட்டா. காரியமும் முடிஞ்சது," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

சரோஜா அவர் காலைப் பிடித்தாள். உடலையாவது வாங்கி வாருங்கள் என்று தரையில் விழுந்து அழுதாள். போய் வாங்கினால் லயம் கேட்கும்: அப்படியென்றால் அன்றைக்கு யாருக்கு மாலை போட்டீர்கள்? ஒருத்திக்கு எப்படி இரண்டு கருமாதி செய்வது? அவர் போகவில்லை. அவளை யார் எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் மழை. வெள்ளிக்கிழமை பெண்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். சரோஜா கோயிலுக்குப் போயிருந்தாள். மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தை உறிஞ்சியது. நடுப்பகலில் வீட்டுக்குள் அந்தி இறங்கியிருந்தது.

மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஏறி வந்து களைத்தவர்களின் மூச்சு. பல படிகளில் ஏறி, பல கதவுகளைத் தட்டி வந்தவர்களின் மூச்சு.

சிவசாமி எழுந்து நின்றார். முதுகு தானாக நிமிர்ந்தது.

நடுப்படியில் அவள் நின்றாள். முகம் தெரியவில்லை. கூந்தல் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. கசப்பு வாடை அவர் தொண்டைவரை இறங்கியது.

"அங்கிள்," என்றது அந்தக் குரல். "ரூம் இருக்கா?"

குரல் கங்காவினுடையது. அங்கிள் என்ற அந்த வார்த்தைதான் அவரைக் குத்தியது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ இரவு அவள் வந்து அப்பா என்று கதறுவாள் என்று பயந்திருக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வதென்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

"கங்கா," என்றார். "நான் அப்பாம்மா."

"எனக்கு அப்பா இல்ல அங்கிள்." குரலில் கோபமில்லை. வீடு தேடுகிறவர்களின் பணிவு மட்டுமே இருந்தது. "பேர் சொல்ல வீட்டுல ஆள் இல்லன்னா தரமாட்டீங்களா? சில எடத்துல அப்படிச் சொல்றாங்க. நான் சத்தம் போடமாட்டேன். ஓரமா படுத்துக்குவேன்."

இல்லை என்று சொல்ல அவர் வாய் பழகியிருந்தது. சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். படிக்கட்டின் மரமே அவளோடு சேர்ந்து நடுங்கியது.

"தங்கிக்க," என்றார்.

அவள் நன்றி சொன்னாள். அதையும் அந்நியரிடம் சொல்வதுபோலவே சொன்னாள். பிறகு மேலே கதவு திறந்து மூடியது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

அதற்குப் பிறகு அவள் அவர் கண்ணில் படவில்லை. சரோஜா தட்டோடு மேலே போவாள். இரண்டு குரல்கள் மெல்லப் பேசும், சில சமயம் சிரிக்கும். அம்மா என்ற சொல் தெளிவாகக் காதில் விழும். அவர் முதல் படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். காலை எடுத்தால் தொடரும். ஒருநாள் படியடியில் அரைமணி நேரம் நின்றார். மேலே எவரும் மூச்சுக்கூட விடவில்லை.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?" என்று ஒருநாள் சரோஜாவிடம் கேட்டுவிட்டார்.

சரோஜா மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்காரரு நல்லவருன்னு சொன்னா," என்றாள்.

ஆறு மாதம் முடிந்து பெண்கள் காரில் சாமான் ஏற்றினார்கள். மூவர் முகத்திலும் ஒரு பயமும் இல்லை.

"இந்த மாதிரி வீடு எங்களுக்கு இனிமே கெடைக்காது அங்கிள்," என்றாள் ரூபினி. "அக்காவ மட்டும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்தக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது."

"அவ போகலையா?"

"இங்கயேதான் இருக்கப் போறாங்களாம். கேட்டோம்."

கார் பனிக்குள் மறைந்தது. சரோஜா அதைப் பார்த்தபடி வேலியோரம் நின்றாள். பிறகு கீரை பறிக்கப் பின்பக்கம் போனாள். சிவசாமி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு காலியாக இருந்தது. இன்றைக்கு மேலே போய் மகள் எதிரில் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்தார். லயம் என்ன சொன்னாலும் சரி, அவள் பேரில் முறையாகக் காரியம் செய்ய ஐயரிடமும் போவது. எழுந்தார்.

மேலே பேச்சுக் குரல் கேட்டது.

பின்பக்கத்தில் சரோஜா கீரைக் கட்டை உதறும் சத்தமும் கேட்டது.

மேலே பேசியவை இரண்டு குரல்கள். ஒன்று கங்கா. மற்றது அவர் இதுவரை கேட்டறியாத ஒரு பெண்குரல், இளம் குரல். எங்கோ நெடுந்தூரம் நடந்து வந்ததுபோல இளைத்தது.

அவர் முதல் படியில் கால் வைத்தார். இந்தமுறை பேச்சு நிற்கவில்லை.

"வா, கூச்சப்படாத," என்றாள் கங்கா. "நல்ல வீடுதான். வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. இன்னும் மூணு கட்டில் சும்மாதான் கெடக்கு. நம்மள மாதிரி அலையிற மத்தவங்களையும் வரச்சொல்லு."